ஒரு கை, மூன்று பிரஷர் மெஷின்

போன கிழமை சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"நீங்கதானே ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல எழுதுற அம்மா?"

திரும்பினேன். நடுத்தர வயது மனிதர். கையில் மீன் பை.

"ஓம், நான்தான்."

"ஒரு பிரசர் மெசின் வாங்கோணும். மணிக்கட்டில கட்டுறது நல்லமா, புயத்தில கட்டுறது நல்லமா?"

அரசியல் கேட்பார், இலக்கியம் கேட்பார் என்று ஆயத்தமாக நின்றவளுக்கு இது! ஆனாலும் பதில் தெரியும். புயத்தில் கட்டுவதை வாங்குங்கள் என்றேன். கைப்பட்டி உங்கள் புயத்துக்கு அளவாக இருக்கவேண்டும், சின்னதானால் இல்லாத பிரஷரையும் காட்டும் என்றேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது.

"இதில சிரிக்க என்ன இரிக்கு அம்மா?" மனிதர் குழம்பிப்போனார்.

பாவம், சந்தையில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? இங்கே சொல்கிறேன்.

என் மூத்த சகோதரி யோகம் அக்காவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். அரிசியை நிறுப்பதற்கு முன் தராசை நிறுத்துப் பார்க்கிற ஆள். படிக்கல்லைக்கூடக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் நம்புவார். அளக்கிற சாமான் எதுவானாலும் அது குற்றவாளி... நிரூபித்த பிறகுதான் விடுதலை!

சுனாமி அத்தானைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. ஒற்றைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார் அக்கா. அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். வாவியில் தண்ணீர் எவ்வளவு அமைதியாகக் கிடந்தாலும் சரி, பார்க்கமாட்டார். "பாலம் முடிஞ்சுதா புள்ள?" என்று என்னைக் கேட்பார். முடிந்தது என்றால்தான் கண் திறக்கும்.

மற்றபடி சமைத்தார், கணக்குப் பார்த்தார், என் கணவர் மின்குமிழை அணைக்க மறந்தால் ஏசினார். தனக்கென்று மட்டும் எதுவும் கேட்கவில்லை. "என்ட கதை முடிஞ்சுது" என்று ஒரு தரம் சொன்னார். சோறு வெந்துவிட்டது என்று சொல்வது மாதிரி... அவ்வளவு சாதாரணமாக!

அப்படி இருந்தவருக்கு, நாட்டில் யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் தலைச்சுற்று வந்தது. கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். தாதி கையில் பட்டியைச் சுற்றிக் காற்று அடிக்கிறார். அக்கா அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? வரிசையில் இடையில் புகுந்த ஒருவரோடு சண்டை பிடிக்கிறார்! பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? நூற்று எண்பதுக்குக் கிட்ட.

டொக்டர் இளம்பெடியன். பொறுமையானவர். "இது இஞ்ச வந்தா மட்டும் ஏறுற பிரஷரா, வீட்டிலயும் இரிக்கிற பிரஷரா எண்டு பாக்கோணும். ஒரு மெஷின் வாங்கிக் காலையிலயும் பின்னேரமும் பாருங்க. சும்மா விடாதீங்க அம்மா. பாரிசவாதம் வந்தா கஷ்டம்."

பாரிசவாதம் என்ற சொல் கேட்டதும் நான் அக்காவைப் பார்த்தேன். எங்கள் அம்மா அதில்தான் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்து, பேச்சுப் போய், பாயோடு கிடந்தார். பார்த்துக் கழுவித் துடைத்தவரே அக்காதான். ஆனால் அவரோ வாசலைத் தாண்ட முன்னமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அந்த மெசின் பிழை. பிழையான மெசினை நம்பி ஆரும் மருந்துக் குளிசை குடிப்பானா?"

அப்போது சுவிஸிலிருக்கும் எங்கள் சித்தி மகன் மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தான். கைக்கடிகாரம் மாதிரி அழகான சாமான். அக்கா அதைக் கட்டிக் கையைத் தொங்கப்போட்டு எடுத்தார். பயங்கரமான பிரஷர். பிறகு கையை உயர்த்தி, சாமி கும்பிடுவது போலத் தலைக்கு மேலே வைத்து எடுத்தார். பச்சைக் குழந்தையின் பிரஷர்!

"இஞ்ச பாரு புள்ள! கையைத் தூக்கினாச் சுகம், இறக்கினா வருத்தம். இதில நினைச்ச பிரசரை எடுக்கலாம்!"

கையை நெஞ்சு மட்டத்துக்கு வைத்து எடுக்கவேண்டும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. நான் காட்டினேன். யார் பார்த்தார்கள்? மெஷின் அலுமாரிக்குள் போய்விட்டது. விடுதலை கிடைக்கவில்லை.

சரி, புயத்தில் கட்டுவதை வாங்குவோம் என்று டவுன் பாமசிகளில் ஏறி இறங்கினோம். எந்த இடத்திலும் பெட்டியை உடைக்க விடவில்லை. "பாக்காம வாங்க இது என்ன லொத்தர் சீட்டா?" என்று அக்கா எல்லா இடத்திலும் ஒரே கேள்வி கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஓட்டமாவடிக்குப் போவம். லெத்தீப் காக்காட தராசு ஒரு நாளும் பிழைச்சதில்ல."

லெத்தீப் காக்கா, அக்கா வேலையில் இருந்த காலத்தில் சங்கத்துக்குச் சாமான் கொடுத்த வியாபாரி. இப்போது மகனோடு சேர்ந்து பாமசி வைத்திருக்கிறார். போனோம். வழியில் முன்பு சோதனைச் சாவடி இருந்த இடம் வந்தது. பஸ்ஸில் பாதிப் பேரின் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடிப் பைக்குள் போனது. பஸ் நிற்கவே இல்லை! ஒருவரை ஒருவர் பார்த்தோம்... பிறகு முழு பஸ்ஸும் சிரித்தது. அப்படி ஒரு காலம் அது. எதற்கென்று தெரியாமலே சிரிப்பு வரும்.

காக்கா கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மூன்று மெஷின்களைப் பரப்பினார். ஒன்று மணிக்கட்டு வகை. மற்றது புயத்தில் கட்டும் பற்றரி மெஷின். மூன்றாவது டொக்டர்மார் வைத்திருக்கும் பாதரச மெஷின், அவருடைய சொந்தப் பாவிப்புக்கு.

"உடைச்சுப் பாருங்க மனேச்சர். உங்களுக்கு இல்லாத கடையா?"

அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஒரே ஆள், ஒரே கை, மூண்டு மெசின். அப்பதான் எது பொய் சொல்லுது எண்டு தெரியும். என்ட கை வேணாம். வருத்தம் இல்லாத கை ஒண்டு வேணும்."

கடையின் மரவாங்கில் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். கிரான் பக்கத்து விவசாயி, பெயர் பூபாலப்பிள்ளை என்பது பிறகு தெரிந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மண்வெட்டி பிடித்த புயம், தேக்கங்கட்டை மாதிரி. அவரும் பிரஷர் மெஷின் வாங்கத்தான் வந்திருந்தார். வாழைச்சேனையில் கட்டிக்கொடுத்த மகள் பிடித்துத் தள்ளி அனுப்பியிருக்கிறாள்.

"உங்கட கையைக் கொஞ்சம் தாறீங்களா?" என்றார் அக்கா.

மனிதர் சட்டைக் கையைச் சுருட்டினார். கையை நீட்டிவிட்டார்.

மணிக்கட்டு மெஷின் ஒரு நம்பர் சொன்னது. அடுத்தது புயத்துக்கு. அக்காவே பட்டியைச் சுற்றினார். மெஷின் காற்று ஏற்றியது... ஏற்றியது... பட்டியின் ஒட்டு 'பர்ர்ர்' என்று கழன்று பறந்தது! கடை சிரித்தது. காக்கா உள்ளே போய்ப் பெரிய அளவுப் பட்டியைக் கொண்டுவந்தார். திரும்பச் சுற்றினார் அக்கா. நூற்று ஐம்பதைத் தாண்டியது. காக்கா பாதரச மெஷினில், காதில் குழாய் மாட்டி எடுத்தார். அது நூற்று முப்பது.

"மூண்டும் மூண்டு கதை சொல்லுது காக்கா!"

"பொறுங்க மனேச்சர். ஆறுதலா இரிந்து எடுக்கோணும். காலைக் கீழ வைக்கோணும், முதுகைச் சாய்க்கோணும், கதைக்கப்படாது."

பூபாலப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா என்னோடு கதைக்க வாசல் பக்கம் வந்தார். காக்கா அதே பற்றரி மெஷினின் பொத்தானை அமத்தினார். நூற்று முப்பது! பாதரசத்தோடு ஒத்துப்போனது. அக்கா ஓடிப்போய் குனிந்து பார்த்தார். நம்பமுடியாமல் தானே ஒருமுறை அமத்தினார். நூற்று நாற்பத்தெட்டு.

"பாத்தீங்களா? இதுக்கு ஒரு நிலை இல்ல!"

காக்கா மெஷினைப் பார்த்தார். பூபாலப்பிள்ளையைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மெசின்ல பிழை இல்ல மனேச்சர். நீங்க கொஞ்சம் அங்கால நிண்டாச் சரி."

"நான் என்ன செஞ்சன்?"

உண்மையாகவே விளங்காமல் கேட்டார் அக்கா. நான் வாசலில் தொங்கிய சீப்புக் கட்டைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பூபாலப்பிள்ளையின் காது மடல் சிவந்துபோயிருந்தது. முதல் தரமாக வாய் திறந்தார்.

"மெசின் சரி மனேச்சர். நான்தான் ஆடுறன்."

இரண்டு பேரும் அதே வகை மெஷினை ஒவ்வொன்று வாங்கினார்கள். அவருக்குப் பெரிய பட்டி, அக்காவுக்கு நடுத்தரம். புறப்படும்போது அவர் தயங்கித் தயங்கி, "பிழையாக் காட்டினா ஆரைக் கேக்கிற?" என்றார். காக்காவின் கடைக்குப் போன் இல்லையா? இருந்தது. காக்கா அதைப் பற்றி மூச்சும் விடவில்லை!

"எனக்கு எடுங்க" என்றார் அக்கா. "ரெண்டும் ஒரே மெசின்தானே. ஒப்பிட்டுப் பாக்கலாம்."

பிறகு என்ன... ஒப்பீடு தொடங்கியது.

காலையில் தேத்தண்ணி குடிக்க முன் அக்காவின் போன் அடிக்கும். அக்கா குசினிக் கதவடியில் நின்று தாழ்ந்த குரலில் கதைப்பார். "எனக்கு நூத்தி நாப்பத்தி ரெண்டு. உங்களுக்கு?... ஐயோ, கருவாடு திண்டீங்களா?... சும்மா சொல்லாதீங்க, திண்டிருக்கிறீங்க!" பிறகு ஒரு சிரிப்பு. சுனாமிக்குப் பிறகு நாங்கள் கேட்டிராத சிரிப்பு.

என் கணவர் ஒரு நாள் என்னிடம் இரகசியமாகக் கேட்டார். "உங்கட அக்கா ஏதும் லொத்தர் நம்பர் சொல்லுறாவோ?"

மெல்ல மெல்ல நம்பர்களுக்கு இடையில் வேறு செய்திகளும் வந்தன. அவருடைய மனைவி, சண்டையில் இடம்பெயர்ந்து இருந்த நேரம் காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு இவர் தனியாகவே சமைத்துச் சாப்பிடுகிறார். வயல் வட்டையில் நெல் நன்றாக வந்திருக்கிறது. இதெல்லாம் அக்கா வந்து எங்களுக்கு மருத்துவ அறிக்கை போலச் சொல்லுவார். அக்காவுக்கு வீட்டிலும் பிரஷர் இருக்கிறது, ஆனால் கிளினிக்கில் காட்டிய அளவு இல்லை என்பதும் தெரிந்தது. டொக்டர் காலையில் ஒரு சிறிய குளிசை கொடுத்தார். அக்கா குடித்தார். ஏன் தெரியுமா? "அவரும் குடிக்கிறாராம்."

நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை. கனவு காண்கிற ஆளை யாராவது தட்டி எழுப்புவார்களா?

அந்த மாரியில் வெள்ளம் வந்தது. சும்மா வெள்ளம் இல்லை. வாவி வீங்கி, வயல் எது குளம் எது என்று தெரியாமல் போன வெள்ளம். கிரான் பக்கம் வட்டைகள் முழுக்கத் தண்ணீருக்குள் என்று வானொலி சொன்னது. அன்று காலை போன் அடிக்கவில்லை.

அடுத்த நாளும் இல்லை. அக்கா எடுத்தால் ஒரு பெண் குரல், தொடர்பு இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னது.

அக்கா மேசையில் மெஷினை வைத்துக்கொண்டு இருந்தார். பட்டியைக் கட்டவில்லை. "என்னக்கா, பாக்கல்லையா?" என்று கேட்டேன்.

"திரும்பவும் தண்ணியா புள்ள?" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலை என்னால் எழுத முடியாது.

மழை கொஞ்சம் விட்டதும் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நானும் குடையை எடுத்தேன்.

பஸ் ஒரு இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அங்கால் வீதியே இல்லை, தண்ணீர்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு, பின்னால் பெட்டி பூட்டிய ஓர் உழவு மெஷின் போய்க்கொண்டிருந்தது. அக்கா பெட்டியில் ஏறினார். ஒருவரும் கைகொடுக்கவில்லை, தானே ஏறினார். இரண்டு பக்கமும் மண்ணிறத் தண்ணீர், சக்கரத்தின் பாதி உயரத்துக்கு. என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியில் சுவிஸ் மெஷின் தோற்றுப்போயிருக்கும். ஆனால் கண்ணை மூடவில்லை. வழி முழுக்க அந்தத் தண்ணீரை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்காவது ஒரு தலை தெரிகிறதா என்று தேடுகிற பார்வை.

இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போனோம். பாய், சட்டி, ஆடு, குழந்தைகள்... கலகலவென்று கிடந்தது. ஒரு வகுப்பறைக்கு முன்னால் மட்டும் ஒழுங்கான வரிசை. பெரும்பாலும் வயதான பெண்கள். நிவாரணம் கொடுக்கிறார்களாக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

உள்ளே, சாரமும் தோளில் துவாயுமாகப் பூபாலப்பிள்ளை! முன்னால் மாணவர் மேசை. மேசையில் பிரஷர் மெஷின். பக்கத்தில் அது நனையாமல் வந்த பொலித்தீன் சொப்பின் பை. ஒரு பெண்ணின் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டு சொல்கிறார்:

"காலைக் கீழ வையுங்க. முதுகைச் சாயுங்க. கதைக்காம இரிங்க. கதைச்சாப் பிழையாக் காட்டும்."

சொல்லுக்குச் சொல், கடையில் காக்கா சொல்லி, காலைநேரப் போனில் அக்கா திரும்பத் திரும்பப் படிப்பித்த பாடம்!

நான் கூப்பிட வாயெடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். மனேஜர் அல்லவா? இடையில் புகமாட்டார். வரிசை நகர்ந்தது, பின்னால் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். பூபாலப்பிள்ளை குனிந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தார். அக்காவின் முறை வந்தது. வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

பட்டியைச் சுற்றின பிறகுதான் முகத்தைப் பார்த்தார் மனிதர். வாயைத் திறந்தவர் மூடவில்லை. விரல் மட்டும் பழக்கத்தில் பொத்தானை அமத்தியது.

"போனுக்கு என்ன?" என்றார் அக்கா.

"தண்ணிக்க விழுந்திட்டு. மெசினை மட்டும்தான் தலையில கட்டிக் கொண்டுவந்தன்... கதைக்காதீங்க மனேச்சர்."

"நான் கதைப்பன். வெள்ளம் வந்தா இனி இப்பிடித் தேடித் திரிய எனக்கு ஏலாது. நீங்க எங்கட வீட்டுக்கு வாறீங்களா, இல்லாட்டி நான் இஞ்ச வரட்டா?"

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது. மெஷின் மட்டும் 'உர்ர்' என்றது.

"கதைச்சாப் பிழையாக் காட்டும்" என்றார் அவர். மெஷினை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார்.

பின்னால் நின்ற ஒரு வயதான பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "அவ கேட்டதுக்கு முதல்ல பதிலச் சொல்லு மனே! மறுகா அமத்தலாம்!"

"ஓம்" என்றார் பூபாலப்பிள்ளை.

"எதுக்கு ஓம்?" அக்கா விடவில்லை. அளவு சரியாக இருக்கவேண்டுமே!

"எல்லாத்துக்கும் ஓம், மனேச்சர்."

அப்போதுதான் மெஷின் 'பீப்' என்றது. அதை இரண்டு பேரும் நிறுத்தவே மறந்திருந்தார்கள். நூற்று எழுபத்தொன்று! அக்கா அதைத் திருப்பி அவருக்குக் காட்டினார். அவர் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு வரிசை சிரித்தது. பிறகு என்ன விஷயம் என்றே தெரியாத பக்கத்து வகுப்பறையும் சிரித்தது. வீடு தண்ணீருக்குள் கிடக்க, நெல் போய்விட்டிருக்க, அந்த மனிதர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

போன மாதம் பதிவுத் திருமணம் நடந்தது. பதிவாளர், மகள், மருமகன், நாங்கள். லெத்தீப் காக்கா பிள்ளைகளோடு வந்து, எல்லாம் தன் பாமசியால்தான் நடந்தது என்று எல்லோருக்கும் விளக்கினார். சொந்தக்காரப் பெண் ஒருவர் என் காதில் படும்படி, "இந்த வயசில இதெல்லாம் தேவையா?" என்றார். அது அக்காவின் காதிலும் விழுந்துவிட்டது.

"இந்த வயசிலதான் தேவை" என்றார் அக்கா. "அந்த வயசில ஆரு பிரசர் பாத்தது?"

இப்போது கிரானில் இருக்கிறார்கள். ஒரு வீடு, இரண்டு மெஷின். இரண்டும் வேறு வேறு நம்பர் காட்டினால் எது சரி என்று சண்டை. சண்டை பிடித்தால் பிரஷர் ஏறுகிறது, ஏறினால் திரும்ப எடுக்கிறார்கள்... பற்றரிதான் கட்டுப்படியாகவில்லை. குளிசையை மட்டும் இரண்டு பேரும் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. டொக்டர் மெச்சுகிறார்.

ஆகவே வாசகர்களே, எந்த மெஷினை வாங்கினாலும் பெட்டியை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். கிளினிக் மெஷினோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். தனியாக இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் — பாமசிக்குத்தானே என்று நினைக்காமல், ஒரு நல்ல சாறியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போங்கள்!